குழாயைத் தனியாக விற்காதவர்

ஹமீட் நானா ஜெனரேட்டரின் சைலன்சரில் வளைகுழாயை மாட்டி, கிளிப்பை முறுக்கி, மெசினை ஓடவிட்டு, இடது கன்னத்தை மூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையால் பார்த்தால் போதாதாம். "கை காய்ச்சுப் போச்சு. கன்னத்துக்குத்தான் சூடு தெரியும்" என்பார். புகை ஊசிமுனையளவு கசிந்தாலும் மெசினை நிறுத்திக் கிளிப்பைக் கழற்றி முதலிலிருந்து தொடங்குவார். வீட்டுக்காரர் தேத்தண்ணியோடு வந்து நின்றால், ஆறட்டும் என்று கண்ணால் காட்டுவார்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. மெசின் ஓடிக்கொண்டிருக்க, வீட்டுச் சனம் முழுவதையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, கதவு யன்னலெல்லாம் சாத்தி, உள்ளே ஒரு கதிரையில் தனியாக அரைமணி நேரம் குந்தியிருப்பார். பிறகு வெளியே வந்து, "தலையிடி இல்லை. இனி நீங்கள் போய்ப் படுக்கலாம்" என்பார். ஒட்டுசுட்டானில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. "நானாவுக்கு வீட்டில இருக்க விடேல்லைப் போல, கண்ட கண்ட வீட்டில போய் இருந்து களைப்பாறுறார்" என்று சந்தியில் மரக்கறி விற்கும் ஏரம்பு பகிடி விடுவார். மனைவி சரீபாவுக்கு அது பகிடி இல்லை. "உங்கட தலையை வைச்சே பாக்கிறது? ஒரு கோழியைக் கொண்டுபோய்க் கட்டிப் பாருங்கோவன்" என்று ஏசுவா.

"கோழி தலையிடிக்குதெண்டு வாய் திறந்து சொல்லுமோ?" என்று கேட்டுவிட்டு அவர் சைக்கிளை எடுப்பார்.

நெடிய, ஒல்லியான உருவம். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார். தொப்பி எப்போதும் சட்டைப் பையில். பதினேழு வயதில், தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது, உடுத்த உடுப்போடு முல்லைத்தீவை விட்டுப் போன குடும்பம். புத்தளத்தில் ஒரு லொறி கராஜில் கிறீசுக்குள் கிடந்து வேலை பழகினார். இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு பெட்டி சாமானோடு திரும்பி வந்து, மாங்குளம் றோட்டோரம் தகரக் கொட்டில் போட்டார். நீர் பம்பி, மருந்தடிக்கிற மெசின், ஜெனரேட்டர், எல்லாம் அங்கேதான் வரும். மாரி தொடங்கினால் கைக்கு ஓய்வில்லை. ஒரு மரம் சரிந்தால் இந்தப் பக்கம் மூன்று நாளைக்குக் கறண்ட் இல்லை. மெசினை வெளியே வைத்தால் மழை, கள்ளன், போதாததற்கு யானை. ஆகவே சனம் அதை வீட்டுக்குள் இழுத்து வைத்துப் புகையை மட்டும் குழாயால் வெளியே விடப் பார்க்கும். அந்த வளைகுழாய்தான் கொட்டிலின் கூரையில் வெள்ளிப் பாம்புகள் மாதிரிச் சுருள் சுருளாகத் தொங்குகிறது.

தொங்குகிறதே தவிர, வாங்க முடியாது. "குழாய் தனிய விக்கிறதில்லை. நான் வந்து பூட்டித்தான் தருவன்." எத்தனை பேர் கோபித்துக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போய் வாங்கியிருக்கிறார்கள். நல்ல வியாபாரி இப்படியா செய்வான்? இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது ஒரு கேள்வி கேட்டால், செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, கேட்டவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். பிளக் என்ன விலை என்று கேட்டாலும் இதே கதைதான். "நானா, கோட்டில சாட்சி சொல்லுற மாதிரியெல்லோ நிக்கிறியள்" என்று பொடியள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஏன் என்று மட்டும் சொன்னதில்லை.

ஏன் என்பது மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. கார்த்திகை மழை விடாமல் கொட்டி, ஊர் முழுக்கக் கறண்ட் இல்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் போக அவர் கொட்டிலின் கதவைப் பாதி இழுத்துவிட்ட நேரம், வயல் செய்கிற கமக்காரன் ஐயாத்துரை நனைந்தபடி வந்து இரண்டு பாக நீளத்துக்குக் குழாய் கேட்டார். மகள் சுதாஜினிக்குச் சோதினை. படிக்க வெளிச்சம் வேண்டும். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினவர் நின்று கேட்டார்: "நானா, மெசினைக் குசினியில வைச்சுப்போட்டு, இதின்ர தலைப்பைப் புகைக்கூட்டுக்குள்ள விட்டால் காணுமோ?"

பூட்டுக்குத் திறப்பைத் தேடிக்கொண்டு, நிமிராமலே, "ஓம் ஓம், காணும், போதும்" என்றார் ஹமீட்.

அடுப்புப் புகை போகிற வழியால் மெசின் புகையும் போய்விடும் என்று ஐயாத்துரை நினைத்தது பிழையென்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அந்தக் குசினிப் புகைக்கூட்டை, மழைத்தண்ணி அடுப்புக்குள் விழாதபடி, மேலே தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கூடு மூடியோ திறந்தோ என்று ஹமீட் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மனுசனுக்கு ஞாபகம் வந்திருக்கும். விடிய அயல் சனம் கதவை உடைத்தபோது தகப்பனும் மகளும் அந்தப் புகையில் செத்துப்போயிருந்தார்கள். மனைவி இராசமலர் தமக்கையின் வீட்டுக்குப் போன இடத்தில் வெள்ளம் மறித்து நின்றவள். அவள் மட்டும் மிஞ்சினாள்.

பள்ளிவாசலுக்குப் போக அன்று இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அதுதான் ஹமீட்டைத் தின்கிறது. அவசரம் என்றுகூடத் தன்னைத் தேற்ற முடியவில்லை.

செத்தவீட்டில் ஒரே கதைதான். ஐயாத்துரை யாரையும் கேட்கிற மனுசன் இல்லை, தன் மூளையை மட்டும் நம்பிப் பிள்ளையையும் கொன்றான் என்று. ஹமீட் பந்தலின் கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாய் வரவில்லை. நாள் போகப் போக இன்னும் வரவில்லை. இராசமலரின் ஒழுங்கைப் பக்கம் போகாமல், ஒரு மைல் சுற்றிக் குளக்கட்டால் போகப் பழகிக்கொண்டார். சரீபாவுக்கும் சொல்லவில்லை.

போன மாதம் ஏரம்பு வந்து சொன்னார். "நானா, இராசமலருக்கு உதவித் திட்டத்தில குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒண்டும் சின்ன ஜெனரேட்டர் ஒண்டும் குடுத்திருக்கினம். கறண்ட் நிண்டால் முட்டை கூழாப் போகுதாம். உங்களை ஒருக்கா வரட்டாம்." நாளைக்கு, நாளையின்றைக்கு என்று இரண்டு கிழமை கடத்தினார். பிறகு ஏரம்பு வேறொரு கதை கொண்டுவந்தார்: நீங்கள் வராவிட்டால் குழாயை வெளியில் வாங்கித் தானே பூட்டப் போகிறாளாம். அன்றைக்கே சைக்கிளை எடுத்துவிட்டார்.

காலை ஒன்பது மணியிருக்கும். இந்த வீட்டில் மெசினை உள்ளே வைக்கவே கூடாது என்று சொல்லி, பின்சுவருக்கு வெளியே நாலு தகரத்தால் மறைப்புப் போட்டார். தகர மறைப்புக்குள்ளும் புகை தங்கக் கூடாதென்று அங்கிருந்து யன்னல் இல்லாத பக்கமாகக் குழாயை இழுத்தார். காத்து எந்தப் பக்கத்தால் வரும், இரவில் எங்கே படுப்பியள், பெட்டி எந்த அறையில் என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். இராசமலர் பின்வாசல் நிலையில் சாய்ந்து நின்று பதில் சொன்னாள்.

"நீங்கள் இவ்வளவு கேக்கிறியள்" என்றாள் கடைசியில். "எங்கட மனிசன் ஆரிட்டையாவது ஒரு சொல் கேட்டிருந்தால் என்ர பிள்ளை இருந்திருக்கும். துவசமும் பிள்ளைக்கு மட்டும்தான் குடுக்கிறன், நானா. அந்தாளுக்கு ஒரு சுண்டு சோறு வைக்க எனக்கு மனம் வரேல்லை. படம்கூட மாட்டேல்லை."

ஹமீட் கிளிப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்க இனி இடமில்லை, ஆனாலும் முறுக்கினார். இந்தப் பெண் மூன்று வருடமாகச் செத்த மனுசனோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் தன்னால்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கேட்டவர், தங்கச்சி" என்றார்.

"ஆர்?"

"ஐயாத்துரை. என்னட்டைக் கேட்டவர். புகைக்கூட்டுக்குள்ள விட்டால் காணுமோ எண்டு கேட்டவர். நான் காணும் எண்டு சொன்னனான். நிமிந்துகூடப் பாக்கேல்லை. பிழை என்ர. இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததும் என்ர பிழைதான்."

இராசமலர் படியில் குந்திவிட்டாள். உள்ளே பெட்டிக்குள் இரண்டொரு குஞ்சு கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"என்னெண்டு கேட்டவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அவள் இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். இரண்டாம் முறை, தான் திறப்பைத் தேடிக்கொண்டு நின்றதையும் விடாமல் சொல்லி முடித்தார்.

"கேட்டிருக்குது மனிசன்" என்றாள் தனக்குத்தானே. முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். "உங்களுக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்கு இப்ப தெரியேல்லை, நானா. நாளைக்கு வந்து ஏசுவன் போல. இண்டைக்கு என்னால ஏலாது."

"ஏசுங்கோ. எத்தினை நாளும் வந்து ஏசுங்கோ."

அவள் எழுந்து உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம், துணிகளை இழுத்துப் போடுகிற சத்தம். ஹமீட் போவதா நிற்பதா என்று தெரியாமல் முற்றத்தில் நின்றார்.

"நானா, உங்களிட்டை ஆணி ஒண்டு இருக்கோ?"

ஆணியோடு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுவரில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு சுதாஜினி. கீழே கதிரையில், சேலைகளுக்கு அடியில் கிடந்து கண்ணாடி மங்கிப்போன ஐயாத்துரையின் படம். மகளுக்கு வலது பக்கத்தில் ஓரிடத்தை இராசமலர் பெருவிரலால் அழுத்திக் காட்டினாள். அவர் ஆணியை வைத்தார். ஆணி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து வைத்தார், திரும்பவும் விழுந்தது.

இராசமலர் குனிந்து அதை எடுத்து, சுவரில் வைத்து, இரண்டு விரலால் தானே பிடித்துக்கொண்டு, "அடியுங்கோ" என்றாள்.