கொழுந்துக் கூடையில் வந்த ஆம்ப்

எழுபதுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் மாதா கோயில் பாட்டுக்குழு வாலிபர்கள் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். நான் பேஸ் கித்தார். பழைய ரேடியோ ஒன்றில் சொருகி வாசிப்பேன். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. "நீ வாசிக்கிறியா, இல்ல சும்மா புடிச்சிக்கிட்டு நிக்கிறியா?" என்று அக்கா கேலி செய்யாத நாளில்லை.

அந்த அக்காவுக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் வலப்பனை. அவள் ஊரைவிட்டுப் போவதற்குள் ஒருமுறையாவது என் பேஸ் அவள் காதில் விழவேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. தோட்டத் துரைமார் கிளப்பில், கித்தார் சத்தத்தைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்ப் ஒன்றை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். வெள்ளைக்காரர் நடனமாடிய காலத்துச் சாமான். உள்ளே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்து, சூடேறிய பிறகுதான் வாய் திறக்கும். ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் கால் வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. கைக்கடிகாரத்தை விற்று வாங்கிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பேய் மழை. மண் சரிந்து, ஆம்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் ஏற்றிவந்த லொறி பாதியிலேயே நின்றுவிட்டது. ஸ்பீக்கர் பெட்டியை நண்பர்கள் கம்பில் கட்டித் தூக்கினார்கள். ஆம்பைத் தூக்க ஆளில்லை. அக்காவோடு கொழுந்து பறிக்கும் ஒரு பெண் மலையிறங்கி வந்தார். "கொழுந்த விடவா கனம்? கூடையில வைங்க தம்பி" என்று சொல்லி, நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து ஆம்புக்குப் போர்த்தினார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, தான் நனைந்தபடியே மேலேறினார்.

அப்படியும் தண்ணீர் புகுந்துவிட்டது. கல்யாணக் காலையில் சுவிட்சைப் போட்டால் பட்பட்டென்று வெடித்து அடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த அதே பெண் எட்டிப் பார்த்தார்.

"ஈரக் கொழுந்த என்னா செய்றாங்க? வாட்டுறாங்கல்ல. இதையும் கொண்டுபோய் வாட்டுங்க."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்று வீசிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஆம்பைச் சுற்றிவந்து மோந்து பார்த்தார்.

"தேயிலைக்கு இந்த வாசம் புடிச்சா என் வேல போயிரும்பா. அந்தக் கடைசித் தட்டு காலியாத்தான் கெடக்கு, அங்க வச்சிட்டுப் போங்க."

திருப்பலி முழுக்க என் மனம் அந்த மாடியிலேயே இருந்தது. அக்கா எப்போது சம்மதம் சொன்னாள் என்றே தெரியாது.

பிற்பகல் விருந்து, தொழிற்சாலையை ஒட்டி, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில். கரண்டும் தொழிற்சாலையிலிருந்துதான் வந்தது. காய்ந்த ஆம்பை மாடியிலிருந்து இறக்கி வந்து, சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வால்வுகள் சிவந்தன. பச்சைக் கொழுந்து வாசம் எழும்பியது. மெதுவாக ஒரு கம்பியைத் தட்டினேன். மேசையிலிருந்த கிளாஸ்களெல்லாம் கிலுகிலுத்தன. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அக்கா, மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் நிமிர்ந்து சிரித்தாள்.

"இப்ப கேக்குதுடா" என்றாள்.

அன்று மாலையே வலப்பனைக்குப் போய்விட்டாள். அந்த ஆம்ப் சூடேறும்போதெல்லாம் கொழுந்து வாசம் வரும். மழையில் தன் படங்கை அவிழ்த்துப் போர்த்திய அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் நான் இத்தனை வருடமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதெல்லாம் தோன்றும்.