பல் டாக்டர் இறக்கிய கார்

பல் டாக்டர் கணக்கில், உலகத்தில் கார் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறவர்கள். அந்த ஒருவர் யார் என்று சொல்லவே வேண்டாம். நோயாளி வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடக்கும்போதுதான் இந்தப் பேச்சை எடுப்பார். பதில் பேச முடியாத ஆள் கிடைத்தால் விடுவாரா?

மாதத்தில் ஒரு நாள் ரேஸ் டிராக்கில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்ட விடுவார்கள். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. அதற்காக அவர் காரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கட்டை மாதிரி இறுக்கமான குட்டை ஸ்பிரிங்கை மாட்டச் சொன்னார். "இவ்வளவு இறக்கினா அடி தட்டும் சார்" என்ற மெக்கானிக்கை, ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்தது. அதில் ஒருமுறை கடைக்குப் போய் வந்த மனைவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நான் நடந்தே போயிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவருடைய தங்கை கால்நடை டாக்டர். "நானும் டிராக்குக்கு வரேண்ணா" என்று அவள் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கன்னுக்குட்டிக்கு ஊசி போடப் போற வண்டியிலயா?"

"டயர் நல்லதா மாத்திட்டேன். ஸ்பிரிங்கைத் தொடலை. முன் சக்கரத்தை மட்டும் மேல்பக்கம் கொஞ்சம் உள்ள சாய்ச்சு வெச்சிருக்கு. வளைவுல டயர் முழுசாப் பதியுமாம்."

"யாரு சொன்னா, உன் எருமையா?"

டிராக் நாளன்று அவர் தன் டயர்களில் கல்லாட்டம் காற்றை அடைத்தார். தங்கை சில சுற்று ஓட்டிவிட்டு வந்து, சக்கரத்தோரம் மண்டியிட்டுக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"டயர் சூடானா உள்ள அழுத்தம் ஏறிடுதுண்ணா. நீயும் கொஞ்சம் இறக்கிக்கோ."

"காத்தைப் பிடுங்கிட்டு வண்டி ஓட்டற வம்சத்துல நான் பொறக்கலை."

அதே வம்சத்தில்தான் அவளும் பிறந்திருந்தாள் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

நீளமான வளைவு ஒன்றில் ஒட்டுப்போட்ட தார். அங்கே அவர் கார் பதியாமல் தவளை மாதிரி தத்தியது. அடிப்பக்கம் 'டங்'கென்று இடித்தது. அடைத்த காற்றும் சூடும் சேர்ந்து உப்பிப்போன டயர் பிடியை விட, வண்டி வழுக்கிக்கொண்டே போய்ச் சரளைக்கல்லில் புதைந்தது. முன் டயர் ஒன்று சக்கரத்தின் விளிம்பை விட்டுக் கழன்று தொங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்க, தங்கையின் வண்டி அதே வளைவில் சோம்பேறித்தனமாகச் சாய்ந்து, நழுவாமல் போனது.

காரை இழுத்து வந்து போட்டார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது அவருக்கு உறைக்கவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? தங்கை ஓடி வந்து, "அடி கிடி படலையே?" என்று கேட்டுவிட்டு, குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. நொண்டுகிற மாட்டின் காலைப் பார்க்கிற பரிவுதான் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கார் மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிற்று. அவர் தங்கையின் வண்டியில், பேன்ட்டெல்லாம் நாய் முடி ஒட்ட வீடு வந்து சேர்ந்தார்.

"உங்க கார் எங்கே?" வாசலிலேயே கேட்டாள் மனைவி.

"டிராக்கா அது? குப்பை!"

மனைவி நாத்தனாரைப் பார்த்தாள். உள்ளதைச் சொல்லத் தங்கைக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை.

"ஆமா அண்ணி. அந்த வளைவுல ரோடு ரொம்ப மோசம்."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பல் டாக்டர் நிமிர்ந்தார்.

"ரோட்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் தங்கைக்குப் பீறிட்டது. என்ன ஏதென்று தெரியாமலே அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் உள்ளே கேட்கும்படியாகவே சிரித்தார்கள்.