எஸ்தரின் கொப்பியில் இல்லாத மழை

எஸ்தர் இறந்துவிட்டாள்.

செய்தி வந்தபோது வீட்டில் இருந்தது நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், மகள் சுகந்தி, அவளுடைய ஏழு மாதக் குழந்தை. மலாவியில் எங்களோடு இருந்த டிரைவர் வட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மூன்று நாள் காய்ச்சலாம்... அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் தேயிலை மண் ஆராய்ச்சி ஒன்றுக்காக என் வீட்டுக்காரரை இலங்கையில் நம் லிந்துலையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு, அந்த மலாவிக்கு, அழைத்துப் போனார்கள். கூடவே நானும் போய் இரண்டு வருடம் இருந்தேன்.

எஸ்தர் அந்த ஊர்க்காரி. எங்கள் குவாட்டர்ஸ் முற்றத்தில் கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளந்து கொப்பியில் எழுதுவது அவள் வேலை.

அங்கேயும் தேயிலைதான். அதே கொழுந்து, முதுகில் அதே கூடை. மண் மட்டும் செக்கச்செவேல் என்று இருக்கும்.

முதல் வாரமே என்னை மலைக்குக் கூட்டிப்போய்ப் பறிக்கச் சொன்னாள். அம்மா பறிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், விடுவேனா... இரண்டு கையாலும் பறித்துக் காட்டினேன். என் பிடிக்குள்ளிருந்து ஒரு முற்றின இலையை உருவி மூக்குக்கு நேரே ஆட்டினாள். "உங்க ஊர்ல இதையும் குடிப்பீங்களா?"

என்னுடைய அரை இங்கிலீஷும் அவளுடைய அரை இங்கிலீஷும் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருவாள். ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுப்பேன். கண்ணில் தண்ணீர் கொட்டும், ஆனாலும் நிறுத்த மாட்டாள். "இவ்வளவு காரமா தின்னச் சொல்லி உன் சாமியா சொல்லிச்சு?"

என் பிள்ளையார் இருந்த மூலைக்குப் பக்கத்தில் வந்தால் செருப்பைக் கழற்றிவிடுவாள். நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

அங்கே குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் துரு வாடை. அதில் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்ய எனக்கு மனசே வராது. ஒரு சதுர்த்தியன்று விடிய விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. மழைமானிக்குள் சேர்ந்தது மண்ணில் படாத தண்ணீர்... அவ்வளவு தெளிவு.

ஆறு மணிக்குப் போய் எடுத்துவிட்டேன். ஒன்றரை டம்ளர். ஒரு நாள் தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

ஏழு மணிக்கு எஸ்தர் வந்தாள். முற்றமெல்லாம் சேறு, மழைமானி மட்டும் காலி.

நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றாள். ஈரப் பிள்ளையார், பக்கத்தில் டம்ளர். என்னைப் பார்த்தாள். கொப்பியைத் திறந்தாள்.

ஏதாவது ஒரு இலக்கத்தை எழுதியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் எழுதவில்லை. அன்றைய கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். நல்ல மனுஷர்தான்... அன்று கொப்பியைப் பார்த்துக் கொதித்துப்போனார். "தண்ணி எங்க?" என்று அவளைக் கேட்டார். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

"கொட்டிட்டேன் சார். கை தவறிடுச்சு."

அவர் போன பிறகு என்னிடம் வந்தாள். "உண்மை தெரிஞ்சா உன் புருஷன ஊருக்கு அனுப்பிடுவாங்க. என்னைய எங்க அனுப்புவாங்க? என் ஊரே இதுதானே." சிரித்தாள்.

அந்த வாரமே கொப்பி வேறொருவர் கைக்குப் போய்விட்டது. எஸ்தர் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். தினமும் காலையில் எங்கள் வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும். மழைமானியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் திரும்பும் வரைக்கும் திறக்கவில்லை.

இன்றைக்குத்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இத்தன வருசமா வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா?" என்றார். பிறகு, "சரி, விடு. ஒரு நாள் மழைய வச்சு இனி யாரு என்ன செய்யப் போறாங்க?"

"அந்தக் கட்டம் அவ பேருல காலியா கெடக்குதுங்க" என்றேன்.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் ஆண்டு வரைக்கும்தான், மீதியெல்லாம் பேப்பர் படித்துக் கற்றுக்கொண்டது. ஆனால் எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அந்த வருடத்துக் கலண்டரைத் தேடி எடுத்தேன். அந்தச் சதுர்த்திக் கட்டத்தில் என் கையெழுத்து: "அபிஷேகம். மழைத் தண்ணீர் ஒன்றரை டம்ளர்."

டம்ளரும் அதேதான். இன்னும் பூஜைக்கு அதுதான்.

பேரப்பிள்ளையின் பால் போத்தலில் கோடு கோடாக அளவு இருக்கிறதே... அதில் இரண்டு தவணையாக ஊற்றி அளந்தேன். சுகந்திதான் போத்தலைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அழாம ஊத்துங்க. அளவு மாறிடும்."

மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் முந்நூறு மில்லிலீட்டர்.

டொக்டரின் நம்பர் மாறிவிட்டது. அங்கே வேலை செய்த நம் ஆட்கள் சிலர் இதை வாசிப்பீர்கள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, யாராவது சிங்களத்தில் சொல்லிவிடுங்கள். கலண்டர் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். முந்நூறு மில்லிலீட்டர் என்றால் எவ்வளவு மழை என்று அவருக்குக் கணக்குத் தெரியும்.

எஸ்தர் தண்ணீரைக் கொட்டவில்லை. எடுத்தது நான்.

போய் வா எஸ்தர்... பிள்ளையாருக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு விளக்கு ஏற்றியிருக்கிறேன்.

அந்தக் கட்டத்தை இப்போதாவது நிரப்ப முடியுமா என்று டொக்டரிடம் கேட்டு, தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.