தளவாய் கேட்ட பங்கு

தளவாய்க்குக் கயிற்றுக் கடை. சித்தப்பா மகன் சிவபாலனுக்கு அடுத்த வாசலில் பெயிண்ட் கடை. தூத்துக்குடிப் படகுக்காரர்கள் இரண்டிலும் ஏறி இறங்குவார்கள். தம்பி கடையில் கூட்டம் கூடினால் தளவாய்க்குச் சோறு இறங்காது. அப்படியொரு மனுஷன். ஒரே வருஷத்தில் இருவருக்கும் நுரையீரலில் புற்றுநோய் வந்தபோதுகூட, யாருடைய கட்டி சிறியது என்றுதான் முதலில் விசாரித்தார்.

கட்டியின் சதையைச் சோதித்ததில் சிவபாலனுக்கு அபூர்வமான ஒரு மரபணு மாற்றம் தெரிந்தது. அதை மட்டும் குறிவைக்கும் புது மாத்திரையை ஒரு பெரிய ஆஸ்பத்திரி சோதித்துக்கொண்டிருந்தது, அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். தளவாய்க்கு வழக்கமான மருந்துதான். இவருக்கு முடி கொட்டி, வாய் புண்ணானது. அவனோ இருமல் நின்று, கடையில் உட்கார்ந்து புரோட்டா தின்றான். பார்த்துப் பார்த்துத் தளவாய்க்கு வயிறு எரிந்தது.

டாக்டரிடமே போய்ச் சண்டை போட்டார். “நாங்க ஒரே சுடலைமாடசாமியக் கும்பிடுத பங்காளிங்க. ஒரே ரத்தம். அவனுக்கு இருக்கது எனக்கு எப்படி இல்லாமப் போகும்?”

“இது ரத்தத்துல வர்றது இல்லைங்க. அவர் கட்டிக்குள்ள மட்டும் நடந்த மாற்றம். உங்க கட்டியில அது இல்ல. அந்த மாத்திரை உங்களுக்குக் கேக்காது.”

தளவாய்க்கு அது மண்டையில் ஏறவில்லை. கோயில் கொடைத் திருவிழாவில் வெட்டும் கிடாயை ஈரல்வரை கூறு வைத்துப் பங்காளிகளுக்குச் சமமாகப் பிரிக்கிற குடும்பம். மாத்திரையில் மட்டும் பங்கு கிடையாதா? அந்த வருஷக் கொடையில், எல்லார் காதிலும் விழும்படி சிவபாலனிடம் கேட்டேவிட்டார்.

மறுநாள் காலையில் சிவபாலன் வந்து, அன்றைக்குத் தான் விழுங்கவேண்டிய மாத்திரையை அவர் கையில் வைத்தான்.

“இந்தாங்கண்ணே, உங்க கூறு.”

“அப்போ ஒனக்கு?”

“இன்னைக்கு இல்ல. ஆஸ்பத்திரியில தெரிஞ்சா என்னையச் சோதனையில இருந்து எடுத்தாலும் எடுத்துருவாவ. ஆனா கொடையில வச்சுப் பங்கு கேட்டுட்டியளே, இல்லன்னு எப்படிச் சொல்ல?”

தளவாயின் கை வாயருகே போனது. தனக்குக் கேட்காது என்பதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை. கேட்காவிட்டால்தான் என்ன, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் கண்டு அவருக்கே பயமாகிவிட்டது. மாத்திரையை அவனிடம் திருப்பிக் கொடுத்துத் தண்ணீர்ச் செம்பையும் நீட்டினார்.

“விழுங்குலே. என் கண்ணு முன்னால விழுங்கு.”

அது அவன் தொண்டையில் இறங்குவதை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறாமை கொஞ்சமும் குறையவில்லை.

“நாளைக்கும் இங்கன வந்துதான் திங்கணும்” என்றார்.