டி டிரைவுல எங்கம்மா

எங்க வூட்டுக் கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சி. ராயபுரத்துல நான் டைப் அடிக்கிற ஜெராக்ஸ் கடையில, ஓனர் புதுசு வாங்கினப்போ பழச எனக்குக் குடுத்தாரு. எங்க வூடு திருவொத்தியூர்ல, கடல ஒட்டி. உப்புக் காத்துல ஜன்னல் கம்பியே பொரிப்பொரியா உதிரும். அதுல இது இத்தினி வருசம் ஓடினதே பெருசு.

ஆயுத பூஜை முடிஞ்சதுலேர்ந்து அதுக்கு இன்னாமோ ஆயிடுச்சி. வேல செஞ்சிகினே இருக்கும், திடீர்னு திரை நீலமாயி நின்னுடும். விண்டோஸ் புதுசா போட்டா சரியாப் பூடும்னாரு ஓனர். போடறது எனக்குத் தெரியும், கடையில எத்தினியோ தபா போட்டுகீறேன். பயம் அதுல இல்ல. உள்ள டி டிரைவுல எங்கம்மா கீது.

அம்மா போனது போன வருசம். அது பேசின வீடியோ ஒண்ணே ஒண்ணு தான் எங்கிட்ட, அந்த டி டிரைவுல கீது. அத எடுத்த செல்போன என் வூட்டுக்காரரு கடல்ல தவற வுட்டுட்டாரு. அவரு விசைப்படகுல என்ஜின் டிரைவரு. அவருக்கும் எங்கம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். அது வாயத் தொறந்தா இவரு சட்டைய மாட்டிகினு வெளிய கெளம்பிடுவாரு.

ஞாயித்துக்கெழம மொதல்ல வீடியோவக் காப்பி எடுக்கப் பாத்தேன், ரெண்டு தபாவும் நீலமாயி நின்னுடுச்சி. அப்புறம் விண்டோஸ் கீற பென்டிரைவ சொருவி வேலைய ஆரம்பிச்சேன். சி டிரைவ மட்டும் அழிச்சேன், டி பக்கம் கையே வெக்கல. பாதி போயி எர்ரர். மறுபடி போட்டேன், அதே எர்ரர். வேற பென்டிரைவு போட்டேன், அது அதுக்கும் முன்னாடியே பல்ல இளிச்சிடுச்சி. ஓனருக்குப் போன் அடிச்சேன்.

"ஹார்ட் டிஸ்க் போயிருக்கும்மா. கயட்டி எடுத்துகினு வா, பாப்போம். ரொம்ப நம்பாத" ன்னுட்டாரு.

சி, டி ரெண்டும் அந்த ஒரே டிஸ்க்குல தான கீது. எங்கம்மா ரெண்டாவது தபா சாவப் போவுதோன்னு ஆயிடுச்சி. சாமி, அந்த ஒண்ண மட்டும் குடுத்துடுன்னு வேண்டிகினே ஸ்குரூவக் கயட்டினேன்.

மூடியத் தொறந்தா குப்புனு படகு வாசன. ராம்னு ரெண்டு மெமரிப் பட்ட உள்ள சொருவி இருக்கும். உருவிப் பாத்தா, அதோட தங்கக் கலர் பல்லு மேலயெல்லாம் மஞ்ச மஞ்சளா என்ஜின் கிரீசு! வெண்ண கணக்கா அப்பி வெச்சிகீது. அப்புறம் எங்கேர்ந்து அது ஒயுங்கா வேல செய்யும்?

"யோவ்! இங்க வாய்யா! இன்னா வேல பண்ணி வெச்சிகீற?"

வந்து நின்னு தலையச் சொறிஞ்சாரு. "பூஜைக்கு என்ஜினத் தொடச்சி கிரீசு போட்டோம்மே. கொஞ்சம் மீந்துச்சி. இதத் தொறந்து பாத்தேன், உள்ள பச்சையா பூத்துகினு இருந்திச்சி. அதான் தடவுனேன்."

"இது இன்னா படகு என்ஜினாய்யா? ஒன்ன யாரு இதுல கை வெக்கச் சொன்னது?"

"உங்கம்மா உள்ள கீதுன்னு நீதானம்மே சொன்ன? துருப் புடிச்சிட்டா இன்னா பண்றது?"

திட்ட வந்தவ, பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்தாந்து அவரு கையில குடுத்தேன்.

பஞ்சுல ஸ்பிரிட்ட நனைச்சி அவரே கிரீச வழிச்சாரு. பல்ல நான் அழி ரப்பரால தேச்சேன். திரும்பச் சொருவி ஆன் பண்ணி, மறுபடி விண்டோஸப் போட்டோம். பாதியத் தாண்டிச்சி. முழுசா முடிஞ்சிது. ஹார்ட் டிஸ்க் மேல ஒரு தப்பும் இல்ல, பாவம்.

டி டிரைவத் தொறந்து வீடியோவ ஓட்டினேன். எங்கம்மா அடுப்பாண்ட குந்திகினு, மீன் வறுக்கற இவர வாங்கு வாங்குன்னு வாங்குது. "இன்னா மாப்ள, அம்மாம் பெரிய படகத் திருப்பற ஆளு, ஒரு மீனத் திருப்பத் தெரில?"

அழுக பொத்துகினு வந்திச்சி. எல்லா சாமிக்கும், கிரீசு தடவுன இந்த மனுசனுக்கும் சேத்து மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டேன்.

இவரு எங்கியும் கெளம்பல. ஸ்டூல இழுத்துப் போட்டுகினு திரைக்குக் கிட்ட ஒக்காந்தாரு.

"சவுண்டு கொஞ்சம் ஏத்தும்மே," ன்னாரு. "அத்த திட்றது சரியாக் கேக்கல."