ஆறு வெள்ளெலிகளும் என் கையெழுத்தும்

ஒப்புதல் பெற்ற ஆய்வில் விலங்குகளுக்கு விதித்த முடிவை மாற்ற, நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவரை, இந்த விதியை ஆண்டுதோறும் புதியவர்களுக்கு வாசித்துக் காட்டியவன் நான்.

நுரையீரல் தழும்பு நோய் பற்றிய ஆய்வு. முன்பெல்லாம் வாராவாரம் சில வெள்ளெலிகளைக் கொன்று அறுத்துப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் அதே எலியை உயிரோடு திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சுலபமில்லை. நுரையீரலில் பெரும்பாலும் காற்று. காற்று படத்தில் விழாது. போதாததற்கு எலி மூச்சு விடும், படம் கலங்கும். மயக்கத்தில் கிடக்கும் எலியின் வயிற்றருகே சிறு காற்றுப்பை வைத்து, அதில் மூச்சின் அசைவைக் கவனித்து, ஒரு மூச்சு போய் அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மட்டும் எடுத்தோம். ஆறு எலிகள் போதும், ஒன்றையும் கொல்ல மாட்டோம் என்று குழுவிடம் வாக்குக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர் ஆய்வின் தலைவர். ஊரின் கோட்டைப் பகுதியில் எனக்கு அடுத்த தெருக்காரர், நெடுநாள் நண்பர்.

எட்டாவது வாரம் மகளின் பிரசவத்துக்குத் திருநெல்வேலி போனேன். ஒரு விலங்கு தாங்க முடியாமல் துடித்தால் மட்டும் குழுவைக் கேட்காமல் கருணைக்கொலை செய்யலாம். பொறுப்பாளர் கையெழுத்து போதும். என் கையெழுத்துக்காக ஓர் எலி துடித்துக் கிடக்க வேண்டாமே என்று, வெற்றுப் படிவம் ஒன்றில் கையெழுத்திட்டு நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். எல்லா விதியும் தெரிந்தவனுக்குத்தான் இப்படிச் செய்யத் துணிவு வரும்.

திரும்பி வந்தபோது ஆறு கூண்டுகளும் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்கப்பட்டிருந்தன.

"படம் மட்டும் போறாதுங்கறா பத்திரிகைக்காரா, அண்ணா," என்றார் நண்பர். "அறுத்துப் பாத்த சாட்சி இல்லாம கட்டுரையைப் போட மாட்டாளாம்."

"போன் இருந்ததே."

"கேட்டா வேண்டாம்பேள். அதான் கேக்கல்லே. எலிதானே, விடுங்கோ. பேத்திக்குப் பேர் வச்சாச்சோ?"

படிவத்தில் ஆறு எண்கள், அவர் எழுத்தில். காரணம்: கடும் மூச்சுத்திணறல். முந்தைய வாரப் படங்களில் நான்கு எலிகளுக்குத் தழும்பு குறைந்துகொண்டிருந்தது. கீழே என் கையெழுத்து, தெளிவாக.

அந்தப் படங்களை இணைத்துக் குழுவுக்குப் புகார் எழுதினேன். என் தவறையும் மறைக்கவில்லை. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். கட்டுரை வெளிவந்தது, எனக்கு அதில் நன்றி சொல்லியிருந்தார்கள். பணி ஓய்வு நாளில் பொன்னாடை போர்த்தியவரும் அந்த நண்பரே.

பிறகு குழுவின் பதில், இரண்டே வரி. தாங்கள் கையெழுத்திட்ட பரிந்துரையின்படியே விலங்குகள் கருணைக்கொலை செய்யப்பட்டன, மேல்நடவடிக்கை தேவையில்லை. அது என் கைக்கு வந்தது சிங்க மாதம் ஒன்றாம் தேதி, மலையாளப் புத்தாண்டு.