ஈரம் அளக்கப் போன இடங்களில்

விளைச்சல் நன்றாக இருக்கும்போது மண் பரிசோதகனை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிற தோட்டத்தில் ஏற்கெனவே ஏதோ ஒன்று செத்துக்கொண்டிருக்கும். பாலக்காட்டின் கிழக்கிலும் இடுக்கி மலையிலும் மண்ணின் ஈரம் அளந்து திரிகிற எனக்கு இதுதான் அனுபவம். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கும் வேறாக இருக்காது.

மட்காத எரு

பாலக்காட்டுக் கிழக்கில் வடகரப்பதியில் ரங்கசாமி என்ற விவசாயி, போர்க் கிணறு வற்றிய பிறகும் மனம் தளராமல் தன் தென்னந்தோப்பு முழுக்கச் சாணம் கொட்டியிருந்தார். அப்படியும் மட்டைகள் மஞ்சளாகித் தொங்கின. மண்ணில் சத்தே இல்லையா என்று பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்.

தோண்டினேன். போன வருஷத்துச் சாணம் வறட்டியாக அப்படியே வந்தது. எருவை உடைத்து வேருக்குக் கொடுப்பவை நுண்ணுயிர்கள், ஈரம் இல்லாவிட்டால் அவை முடங்கிவிடும், சத்து இருந்தும் மரத்துக்குக் கிடைக்காது என்றேன். அவர் ஒரு துண்டை எடுத்து உதிர்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, சோத்தை ஆக்கி முன்னால வெச்சுப்போட்டும் என்ர மரமெல்லாம் பட்டினியிலதான் சாகுதுங்களா?"

முதல் மழைக்கு அடுத்த நாள்

மண்ணின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, உள்ளிருந்து வரும் கரியமில வாயுவை அளப்பதும் என் வேலை. எலப்புள்ளியில் சரஸ்வதி அக்காவின் மானாவாரிக் காட்டில் அதை வைத்திருந்தேன். கோடை முழுக்க அளவு அடியிலேயே கிடந்தது. முதல் மழைக்கு மறுநாள் மளமளவென்று ஏறியது. முடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் எழுந்து, மட்கியதைத் தின்று மூச்சு விடுகின்றன என்று உற்சாகமாக விளக்கினேன். அக்கா அன்றைக்கே உளுந்து விதைத்தார்.

அதன்பிறகு மழை இல்லை. முளைத்த உளுந்து இரண்டு இலையோடு கருகியது. கருவியின் அளவும் இறங்கியது. மண்ணில் இருந்த கரிமச் சத்தில் கொஞ்சம் காற்றோடு போனதுதான் மிச்சம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "மண்ணு மூச்சு உட்டுப்போட்டு மறுக்காத் தூங்கிக்குமுங்க, எங்களுக்குத்தான் தூக்கம் வர்றதில்லை."

புழு வந்த தோட்டம்

கோவிந்தாபுரத்தில் வேலுச்சாமியின் நிலக்கடலைக்கு நடுவே வைக்கோலும் தென்னோலையும் பரப்பச் சொன்னேன்; ஈரம் நிற்கும், மண்புழு வரும் என்றேன். ஈரம் நின்றது. மண் கறுத்து, அள்ளிய இடமெல்லாம் மண்புழு நெளிந்தது. அபூர்வமாக எனக்குச் சந்தோஷம்.

அறுவடை நெருங்கியபோது போனேன். தோட்டம் முழுக்க உழுதுபோட்ட மாதிரி கிடந்தது. காட்டுப்பன்றிகள் மூக்கால் கிண்டி, புழுவோடு கடலையையும் தின்றுவிட்டிருந்தன. வேலுச்சாமி கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "புழு வருமுன்னு சொன்னீங்க, வந்துதுங்க. பின்னாலயே பன்னியும் வந்துருச்சுங்க."

பிழிந்தால் சொட்டும் மண்

இடுக்கியில் மாரியப்பனும் மனைவி செல்வியும் தேயிலை எஸ்டேட் வேலையை விட்டு, மலைச்சரிவில் ஏலக்காய் போட்டிருந்தார்கள். விடாத மழை. மண்ணைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஒரு செடியைத் தொட்டு இழுத்தேன்; அழுகல் நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டது. மண்ணின் துளைகளில் நீர் நிறைந்தால் காற்றுக்கு இடமில்லை, வேரும் நல்ல நுண்ணுயிர்களும் திணறும், அழுக வைக்கும் பூஞ்சைதான் பெருகும் என்றேன். அழுகியதைப் பிடுங்கி எறிந்து, வடிகால் வெட்டச் சொன்னேன். இருவரும் மழையில் நனைந்துகொண்டே வெட்டினார்கள்.

அடுத்த முறை போனபோது பாதித் தோட்டம் வெறுமையாக இருந்தது. மிச்சம் பிழைத்திருந்தது. செல்வி மறுபடியும் எஸ்டேட்டுக்குக் கொழுந்து கிள்ளப் போகத் தொடங்கியிருந்தார். நானும் மாரியப்பனும் வடிகால் ஓரமாக நின்றோம். கலங்கல் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாலக்காட்டுக் கிழக்கில் குடிக்கவே தண்ணீர் இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். வடிகாலில் அடைத்த சருகை அவர் காலால் தள்ளிவிட்டார். "நாங்க வெட்டி விடுற தண்ணி அங்கன போய்ச் சேராதா சார்?"

ஈரத்தை அளக்க எனக்குக் கருவி கொடுத்திருக்கிறார்கள். இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அதை எடுத்துப்போகத்தான் ஒன்றும் கொடுக்கவில்லை.